ரெண்டரை நூல் போல்ட்

பழைய பந்தயத் துடுப்புப் படகு ஒன்றை ஷெட்டின் உத்தரத்திலிருந்து இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். ஐம்பது அறுபது வருஷம் ஆகியிருந்தாலும் மரம் அநேகமாக நன்றாகவே இருக்கும். காணாமல் போயிருப்பதெல்லாம் சில்லறைச் சாமான்: பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்திருந்த ஒரு போல்ட், உட்காரும் பலகையின் ஒரு சக்கரம், துடுப்பைத் தாங்கும் பித்தளைக் கேட்டின் திருகு. மொத்தத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அவை வந்து சேரும்வரை படகு தண்ணீரில் இறங்காது.

தேடிப் புறப்படுகிறவர்கள் முதலில் படகைக் கட்டியவர் யார் என்று பார்ப்பார்கள். ஜெர்மனியின் எபர்பாக்கில் மஞ்சள் படகுகள் கட்டும் எம்பாகர் மாதிரி சில பட்டறைகள் இன்றும் நடக்கின்றன. மற்றபடி பல பெயர்கள் படகில் அறைந்த சின்னத் தகட்டில் மட்டும்தான் மிச்சம். அடுத்த யோசனை, வேறொரு பழைய படகிலிருந்து கழற்றிப் போடுவது. அங்கேதான் மண்டை காயும். பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் பாகம் பொருந்தாது. பொருந்தினாலும் படகு சொன்னபடி கேட்காது. தொலைந்தது ஒரு பித்தளைத் துண்டு என்றுதான் நினைத்திருப்போம். தொலைந்தது அதன் அளவு. அந்த அளவை ஏன் அப்படி வைத்தார்கள் என்று பிடித்துவிட்டால், பாகத்தைத் தெருமுனை லேத் பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம்.

எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், அகலம் 60 செ.மீ. சொச்சம். பழைய மரப்படகுகளில் உடம்புப் பலகையின் கனம் 3 மி.மீ. அளவுதான். இன்றைய சர்வதேச விதிப்படி இந்தப் படகின் எடை 96 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதில் ஏறுவதோ எட்டு வாட்டசாட்டமான ஆட்களும், சுக்கான் பிடிக்க ஒருவரும்; கிட்டத்தட்ட முக்கால் டன். இந்த விகிதத்தைச் சாத்தியமாக்கியது மரவேலை மட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதிப் பெருமை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கு.

துடுப்பு ஒரு நெம்புகோல். கைக்கும் தாங்கிக்கும் நடுவில் போதிய நீளம் இருந்தால்தான் வலிக்க முடியும். தாங்கி படகின் விளிம்பிலேயே இருந்த காலத்தில், அந்த நீளத்துக்காகப் படகையே அகலமாகக் கட்ட வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் டைன் ஆற்றில் பிழைத்த ஹாரி கிளாஸ்பர் 1840களில் இரும்புக் கம்பிகளை விளிம்புக்கு வெளியே முக்கோணமாக நீட்டி, அதன் முனையில் தாங்கியை வைக்கும் முறையைத் தேற்றினார். இதற்குப் பெயர் ரிக்கர். தாங்கி வெளியே போனதும் படகு ஒடுங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தேம்ஸில் மோதும் போட்டிக்கு 1846இல் ரிக்கர் வந்தது. 1857இல் அடிக்கட்டை இல்லாத வழவழப்பான அடிப்பாகம். 1873இல் முன்னும் பின்னும் ஓடும் இருக்கை. அந்த ஆண்டு கேம்பிரிட்ஜ் 19 நிமிஷம் 35 விநாடியில் ஜெயித்தது.

ஆக, முப்பது வருஷத்துக்குள் உருவம் முடிவாகிவிட்டது. அளவுகளோ முடிவாகவே இல்லை. ஒவ்வொரு பட்டறையும் தன் கைப்பழக்கப்படி ஓட்டை போட்டது, தன் அச்சில் கேட் வார்த்தது. பால் பேரிங்கை நினைத்துப் பாருங்கள்: 608 என்று எண் சொன்னால் திருச்சியிலும் டோக்கியோவிலும் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. என்று ஒன்றேதான் வரும். படகுப் பாகங்களுக்கு அப்படி ஒரு எண் அமையவே இல்லை.

போல்ட்டிலிருந்து தொடங்கலாம். ரிக்கரைப் படகோடு பிணைக்கும் போல்ட் 5/16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்த் தச்சர்களும் ஃபிட்டர்களும் ஒரு அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பவர்கள். அவர்கள் கணக்கில் இது ரெண்டரை நூல். மில்லிமீட்டரில் 7.94. கடையில் இப்போது கிடைப்பது எம்8, அதாவது 8 மி.மீ. வித்தியாசம் ஒரு மயிரிழை. உள்ளே விட்டுத் திருகினால் ஏறவும் செய்யும். ஏறுவதுதான் ஆபத்து.

ஜோசஃப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை அளவுதான் ஆங்கிலேயப் பட்டறைகளின் வேதம். அதன்படி 5/16 போல்ட்டில் அங்குலத்துக்கு 18 மரை. ஒரு சுற்று சுற்றினால் 1.41 மி.மீ. உள்ளே போகும். எம்8 போல்ட் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ.தான் போகும். சுற்றுக்கு 0.16 மி.மீ. பிசகு. முதல் சுற்றில் கைக்குத் தெரியாது. மூன்றாவது சுற்றில் பிசகு அரை மில்லிமீட்டரைத் தொட, போல்ட் இறுகும். நன்றாக முடுக்கிவிட்டோம் என்று நினைத்து ஸ்பேனர் போட்டு ஒரு தள்ளு தள்ளினால், அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்த பித்தளை நட்டின் மரை மாவாக உதிரும். கால் அங்குல போல்ட்டில் பொறி இன்னும் நுட்பமானது. பிரிட்டிஷ், அமெரிக்க அளவு இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரைதான்; எண்ணிப் பார்த்தால் ஒன்றே. ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரையின் கோணம் 60. கடைசிவரை ஏறும், இறுகும், ஆனால் மரையின் பக்கங்கள் முழுதாக ஒட்டி உட்காராது. துடுப்பை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். சீப்புமாதிரி பல் வைத்த மரை கேஜை மேலே வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதன் விலை ஒரு நல்ல சாப்பாட்டுக்கு மேல் போகாது. பழைய படகில் கைவைப்பவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

நம் பக்கம் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கொழும்பு ரோயிங் கிளப் 1864இல் தொடங்கியது, அடையாற்றங்கரை மெட்ராஸ் போட் கிளப் 1867இல். இரண்டும் 1898 முதல் ஒன்றோடொன்று மோதிவருகின்றன. அந்தக் காலத்துப் படகுகள் அங்குலத்தில் பிறந்தவை. இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறியது. அங்குலத்தில் கட்டிய படகு, மில்லிமீட்டரில் விற்கும் கடைவீதி. நடுவே இன்னமும் நூல் கணக்கு பேசும் மிஸ்திரி. பல சமயம் அந்த மிஸ்திரிதான் காப்பாற்றுகிறார். ரெண்டரை நூல் என்று சொன்ன மாத்திரத்தில், மரை வெட்ட எந்த டேப்பை எடுக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

எந்த உலோகம் என்பதையும் கவனிக்க வேண்டும். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் கொண்டுவந்து அலுமினிய ரிக்கரில் முடுக்குவார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். போல்ட் பளபளவென்றிருக்கும், அதைச் சுற்றிய ஓட்டை வெள்ளைப் பொடியாகும். பித்தளைத் திருகாணி வேறு விதம்: உப்பு அதிலிருக்கும் துத்தநாகத்தை மட்டும் தின்றுவிட, பஞ்சுபோன்ற செம்பு எஞ்சும். வடிவம் மாறாமல் இளஞ்சிவப்பாக உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் தலை உடைந்து கையோடு வரும்.

இனி கேட். பழைய படகை எழுப்புகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

ரிக்கரின் முனையில் செங்குத்தாக ஒரு பின் நிற்கும். அதன்மேல் கதவுபோலத் திரும்பும் கேட், துடுப்பைப் பிடித்திருக்கும். துடுப்பின் அலகு தண்ணீருக்குள் நேர்செங்குத்தாக நிற்கிறது என்றுதான் கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். அப்படி நின்றால் காரியம் கெட்டுவிடும். அலகின் மேல்விளிம்பு படகின் பின்பக்கமாக, அதாவது வலிப்பவர் முகம் பார்க்கும் பக்கமாக, சுமார் 4 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வைப் பிட்ச் என்பார்கள். அலகு தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள, தண்ணீர் அலகை முன்னுக்குத் தள்ளுகிறது. அலகு சாய்ந்திருப்பதால் அந்த எதிர்விசையில் ஒரு சிறு பங்கு மேல்நோக்கி வரும். 4 டிகிரிக்கு அது நூற்றில் ஏழு பங்கு. அலகின்மேல் 30 கிலோ விசை விழுந்தால், 2 கிலோ அதை மேலே ஏந்தும். அந்த 2 கிலோதான் அலகை மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மூழ்கியும் மூழ்காமலும் ஓடவைக்கிறது. சாய்வே இல்லையென்றால் அலகு ஆழத்துக்குப் பாய்ந்து, கைப்பிடி மடியிலிருந்து நெஞ்சுக்கு ஏறும். சாய்வு இரட்டிப்பானால் அலகு பாதி இழுப்பிலேயே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இன்றைக்குக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கேட்டில் இந்த 4 டிகிரி உள்ளேயே அடங்கியிருக்கிறது. பின் நேராக நின்றால் போதும். கேட்டின் மேலும் கீழும் சொருகும் சிறு புஷ்களில் 4-4, 3-5, 2-6, 1-7 என்று எண் இருக்கும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 8. 3-5 புஷ்ஷை ஒரு பக்கமாகப் போட்டால் 3 டிகிரி, திருப்பிப் போட்டால் 5 டிகிரி. இரண்டு துண்டு பிளாஸ்டிக்கில் எவ்வளவு யோசனை!

பழைய படகுகளிலோ சாய்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியில் தெரியாது. சில பட்டறைகள் பின்னையே சாய்த்து வைத்தன. சில, பித்தளைக் கேட்டின் முகத்தைச் சாய்வாக அராவின. மரத்துடுப்புகளில், அலகையே தோல் சுற்றிய தட்டைப் பக்கத்துக்குச் சற்றுத் திருகலாகச் செதுக்கியதும் உண்டு. மூன்றும் கூடித்தான் கணக்கு. ஏற்கெனவே 4 டிகிரி சாய்ந்த பின்மேல் 4 டிகிரி அடங்கிய புதுக் கேட்டை மாட்டினால் மொத்தம் 8. வலிப்பவர் தன் கை சரியில்லை என்று நினைப்பார், பயிற்சியாளர் ஆளை மாற்றுவார், புதுக் கேட் பளபளவென்று யாருக்கும் சந்தேகம் வராமல் நிற்கும்.

பின்னின் கனமும் ஒரு தலைவலி. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ.; மெட்ரிக் பின் 13. அரை அங்குலத்துக்கு அளந்து துளைத்த கேட் 13 மி.மீ. பின்னில் இறங்காது. 13க்குத் துளைத்த கேட்டை அரை அங்குலப் பின்னில் போட்டால் லொடலொடக்கும். அந்த 0.3 மி.மீ. ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், பழைய தேய்மானத்தைத்தான் பொறுக்க முடியாது. கேட்டின் உயரம் ஐந்தாறு சென்டிமீட்டர். துளை 1 மி.மீ. தேய்ந்திருந்தால் கேட் சுமார் 1 டிகிரி தள்ளாடும். 4 டிகிரி வேண்டிய இடத்தில் ஒரு டிகிரி போய்விட்டால் கால்வாசி போயிற்று. தேய்ந்த துளையைப் பெரிதாக்கி உள்ளே ஒரு வெண்கலப் புஷ் அடிப்பது லேத்காரருக்கு அரை மணி வேலை.

சாய்வை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. இல்லாவிட்டால் கொத்தனாரிடம் இரவல் வாங்கலாம். ரசமட்டம் வைத்துப் படகைக் குறுக்கிலும் நெடுக்கிலும் சமப்படுத்திவிட்டு, கேட்டின் முகத்தருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட வேண்டும். 60 மி.மீ. உயரத்தில் நூலுக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி 4 மி.மீ.யைவிடத் துளி கூடுதலாக விரிந்தால் 4 டிகிரி சாய்வு இருக்கிறது.

உட்காரும் பலகையின் சக்கரம் இன்னும் அழகான சமாசாரம். 2000 மீட்டர் பந்தயத்தில் ஏறக்குறைய 230 இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் இருக்கை 60 செ.மீ. போய், அதே தூரம் திரும்பும். கூட்டிப் பார்த்தால், வலிப்பவர் படகுக்குள்ளேயே கால் கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்கிறார். உராய்வு கொஞ்சம் இருந்தாலும் கால்களுக்குத் தெரிந்துவிடும். ஓடும் இருக்கை வருவதற்கு முன்னால் சிலர் தோல் வைத்துத் தைத்த கால்சட்டையில் கொழுப்பைப் பூசிக்கொண்டு வழவழப்பான பலகைமேல் வழுக்கினார்களாம். அதை நினைத்தால் சக்கரத்தின் அருமை தெரியும்.

பால் பேரிங் இல்லாத பல பழைய இருக்கைகளில் ஒரு தந்திரம் இருக்கிறது. இருக்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். அச்சு எந்தத் துளையிலும் மாட்டியிருக்காது. இருக்கையின் அடியில் நீளவாக்கில் இரு தடங்கள் இருக்கும். அச்சு அவற்றில் சும்மா தங்கியிருக்கும். சக்கரம் கீழே தண்டவாளத்தில் உருளும்போது, அச்சு மேலே இருக்கையின் தடத்தில் உருளும். இரண்டு இடத்திலும் உருளல்தான்; தேய்த்துக்கொண்டு சறுக்கும் இடமே கிடையாது. எண்ணெய் போட வேண்டிய மூட்டும் இல்லை. சக்கரத்தின் ஆரம் 20 மி.மீ., அச்சின் ஆரம் 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது தண்டவாளத்தில் 126 மி.மீ. நகர்கிறது. அதே சுற்றில் இருக்கை அச்சின்மேல் இன்னும் 25 மி.மீ. கூடுதலாக நகர்கிறது. சக்கரம் 50 செ.மீ. போவதற்குள் இருக்கை 60 செ.மீ. போய்விடும். தன் சக்கரங்களை முந்திக்கொண்டு ஓடும் வண்டி வேறு எங்காவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று தோன்றவில்லை.

இதில் ஒரு சக்கரம் உடைந்து, அதே மாதிரி ஒன்று போட்டோம். ஆரம் மட்டும் 20க்குப் பதில் 19 என்று வையுங்கள். விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் சுற்றுக்கு 6 மி.மீ. பின்தங்கும். ஒரு இழுப்புக்கு நான்கு சுற்று, ஆக 25 மி.மீ. ஒரே அச்சின் இரண்டு முனையில் ஒன்று முந்த, ஒன்று பிந்த, அச்சு கோணி, சக்கரம் உருளுவதை விட்டுவிட்டுத் தேய்க்கும். முன் அச்சில் 20, பின் அச்சில் 19 என்று ஜோடியாக மாற்றினாலும் தப்பவில்லை. ஓர் அச்சு தடத்தின் கோடியில் முட்டி நிற்கும்போது மற்றது அதன் கோடியை எட்டியிருக்காது. அதனால் ஒன்று உடைந்தாலும் நான்கையும் சேர்த்துக் கடைவதுதான் வழி. நல்ல நைலான் உருளையிலிருந்து ஒரே தடவையில் நான்கையும் வெட்டிக்கொள்ளலாம். பழைய சக்கரங்களில் மூன்று சமமாகத் தேய்ந்திருந்தால், பட்டறைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆரம்ப அளவு என்ன என்பது. அதைச் சக்கரத்திடம் கேட்டால் தெரியாது. அச்சின் உயரம், தண்டவாளத்தின் பள்ளம், இருக்கைக்கும் படகின் உள்தளத்துக்கும் நடுவில் விட்ட இடைவெளி ஆகியவற்றிடம் கேட்க வேண்டும்.

மூலப்பாகம் கையில் இருக்கிறது, அதையே அச்சாக மண்ணில் பதித்து இன்னொன்று வார்த்துவிடலாம் என்று தோன்றும். வார்ப்பட்டறையில் சொன்னால் சிரிப்பார்கள். உருகிய வெண்கலம் உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். 80 மி.மீ. நீளமுள்ள பாகத்தைப் பதித்து வார்த்தால், பிறப்பது 1.2 மி.மீ. குட்டை. அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று போனால் தலைமுறைக்குத் தலைமுறை குட்டையாகிக்கொண்டே போகும். அதனால்தான் அச்சுமரம் செய்பவர்கள், சுருக்கத்தைச் சேர்த்தே கோடுபோட்ட தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இன்று பாகத்தைக் கணினியில் ஸ்கேன் செய்து, ஒன்றரை சதவீதம் பெரிதாக்கி, பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அதை மண்ணில் பதிக்கலாம். அச்சிட்ட பிளாஸ்டிக்கையே கேட்டாக மாட்டலாமே என்றால், அடுக்கடுக்காக ஒட்டிய பொருள் அடுக்குக்குக் குறுக்கே இழுத்தால் பிரியும். ஆற்று நடுவில் பிரிந்தால் துடுப்பு கையோடு வரும், ஆள் தண்ணீரோடு போவார்.

தேடிச் சலிக்க வேண்டாத பாகமும் ஒன்று இருக்கிறது, தேடியும் கிடைக்காது என்பதால். 1981இல் மியூனிக்கில் நடந்த உலகப் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் பீட்டர்-மிஷேல் கோல்பே ஒற்றையர் பந்தயத்தை ஜெயித்தது, இருக்கை அசையாமல் ரிக்கர் ஓடும் படகில். காரணம் எளிது. ஒற்றையர் படகு 14 கிலோ, அதில் இருப்பவர் 80, 90 கிலோ. அவர் பின்னும் முன்னும் ஓடினால், லேசான படகு எதிர்த்திசையில் குலுங்கிக் குலுங்கித்தான் போகும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால், ஏறி இறங்கும் வேகத்துக்குச் சீரான வேகத்தைவிட அதிக சக்தி செலவாகும். கனமான ஆளை உட்காரவைத்துவிட்டு, லேசான ரிக்கரை ஓடவிட்டால் குலுக்கல் அடங்கிவிடும். அடுத்தடுத்த வருஷங்களில் ஒற்றையர் இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் பலரும் ஓடும் ரிக்கரில் வந்தார்கள். செலவு கையை மீறும் என்ற பேச்சு எழ, சீக்கிரமே தடை வந்தது. நன்றாக ஓடிய ஒரு யோசனையை இப்படிக் கழற்றிப் போட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த இரண்டு மூன்று வருஷத்துப் படகுகளின் தண்டவாளத்தையும் உருளைகளையும் செய்ய அப்புறம் யாருக்கும் தேவை வரவில்லை. அப்படி ஒன்று கையில் இருந்தால் முழுக்க முழுக்கக் கடைந்துதான் ஆக வேண்டும்.

மரத்துக்கும் வருவோம், சுருக்கமாக. ஆங்கிலப் பட்டறைகள் உடம்புப் பலகைக்கு விரும்பியது, சுருட்டுப் பெட்டி செய்யும் மத்திய அமெரிக்க செட்ரெலா மரம். அது வேம்புக் குடும்பம். நம் மேற்கு மலைகளில் சந்தன வேம்பு என்று சொல்லும் மரம் அதற்கு அவ்வளவு நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் தாவரவியலாளர்கள் அதையும் செட்ரெலா என்றே எழுதிவைத்திருந்தார்கள். செட்ரெலா 2020 ஆகஸ்ட் முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டக் காகிதம் வேண்டும். அதனால் பழுது பார்ப்பவர்கள் இறந்த படகுகளின் பலகையைப் பத்திரப்படுத்துகிறார்கள். சியாட்டிலில் ஜார்ஜ் போகாக் கட்டிய படகுகளுக்கு வேறு மரம், அமெரிக்க வடமேற்குக் கரையின் செந்நிற சிடார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இத்தாலியை 0.6 விநாடியில் முந்தித் தங்கம் வென்ற ஹஸ்கி கிளிப்பர் அவர் கட்டியதுதான்.

எந்த மரமாக இருந்தாலும் ஒட்டுப் போடும்போது ஈரம் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்து முழுதாகக் காயும்போது சிடார் பலகை அகலவாக்கில் நூற்றுக்கு 5 பங்குவரை சுருங்கும். நீளவாக்கில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஒட்டுத் துண்டின் நார் ஓடும் திசை பழைய பலகையோடு ஒத்துப்போகாவிட்டால், சென்னையில் ஒரு ஐப்பசி கழிந்து ஒரு சித்திரை வருவதற்குள் 3 மி.மீ. பலகை ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும்.

முன்னும் பின்னும் படகின் மேல்புறத்தை மூடியிருப்பது மரமே அல்ல, துணி. பட்டோ பருத்தியோ இழுத்துக் கட்டி வார்னிஷ் பூசியிருப்பார்கள். முதலில் கிழிவது இதுதான். ஈடு கிடைப்பது சுலபமாக இருப்பதும் இதற்குத்தான், ஆனால் விமானக்காரர்களிடம். சிறு விமானங்களின் இறக்கையைப் போர்த்தும் பாலியெஸ்டர் துணியைத் தொய்வாக ஒட்டிவிட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் துணி தானே சுருங்கித் தம்பட்டம்போல விறைக்கும். நூலைத் தயாரிக்கும்போது இழுத்து நேராக்கிய மூலக்கூறுச் சங்கிலிகள் சூடு பட்டதும் பழையபடி சுருள்கின்றன. சூட்டைக் கூட்டக் கூட்ட விறைப்பும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் போனால் 3 மி.மீ. பலகையையே துணி வளைத்துவிடும். பெட்டியின் சூட்டை வெப்பமானி வைத்துச் சரிபார்ப்பவர்களே இதில் இறங்க வேண்டும்.

பழையதைப் பழையபடி வைப்பதில் பிடிவாதம் காட்டலாம், இரண்டு இடங்களைத் தவிர. படகின் கூர்முனையில் குறைந்தது 4 செ.மீ. விட்டமுள்ள பந்து இருக்க வேண்டும் என்பது இன்றைய சர்வதேச விதி. நூறு கிலோ கட்டுமானமும் முக்கால் டன் சதையும் ஒரு முனையில் வந்து குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்து வைத்த விதி. அந்தக் காலப் படகுகளில் கூர்முனை வெறுமையாகவே இருக்கும். இன்னொன்று கால். பழைய படகுகளில் பாதத்தைத் தோல்வார் பிடித்திருந்தது. கவிழ்ந்தால் கால் தானாக உருவிக்கொள்ளும். இப்போது வசதிக்காக அதே பலகையில் ஷூக்களை முடுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு குதிகாலையும் ஒரு குட்டைக் கயிற்றால் கால்பலகையோடு கட்டிவிட வேண்டும். ஆள் காலை இழுக்கும்போது கயிறு குதிகாலைப் பிடித்துக்கொள்ள, பாதம் ஷூவிலிருந்து கழன்று வரும். கயிறு நைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவை படகை இறக்குவதற்கு முன்னாலும் இழுத்துப் பார்த்துக்கொள்வது வழக்கம்.